கைமாற்று

ஆறுச்சாமியின் காம்பவுண்டில் எட்டாம் நம்பர் வீட்டுக் கோகிலவாணியின் சுட்டுவிரலை அவள் மகன் பிடித்துக்கொண்டு விடாமல் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில்; அன்று நல்ல தண்ணீர் வருகிற முறை என்பதால் குடங்கள் நிறைகிற வரைக்கும் அது யாருக்கும் பெரிய சங்கதியாகப் படவில்லை. குடங்கள் நிறைந்த பிறகு ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். ஒருத்தி தேங்காய் எண்ணெய் கொண்டுவந்தாள், ஒருத்தி சோப்பைக் கரைத்து ஊற்றினாள், ஒருத்தி மீன் வண்டியை நிறுத்தி ஐஸ்கட்டி வாங்கி வந்தாள். விரல் வரவில்லை. நெரிக்கவில்லை, வலிக்கவில்லை, நகம் நீலம் பாரிக்கவில்லை. பால்குடிப் பிள்ளை தூக்கத்தில் பிடிக்கிற மாதிரி லேசாகத்தான் பிடித்திருந்தான், ஆனால் இழுத்தால் மட்டும் வராது.

திருப்பூரில் பனியன் கம்பெனிகள் மண்டிய ஒரு தெருவின் கடைசியில் இருந்தது அந்தக் காம்பவுண்டு. எதிரும் புதிருமாக இரண்டு வரிசை ஒற்றை அறை வீடுகள், நடுவில் ஒரு ஆள் குறுக்கே படுத்தால் அடைபட்டுப்போகிற சந்து, சந்தின் கோடியில் எல்லாருக்கும் பொதுவாக இரண்டு கக்கூஸ், தலைக்கு மேலே எந்நேரமும் காய்கிற துணிகள். தாராபுரம், தேனி, திண்டுக்கல் என்று எங்கிருந்தெல்லாமோ பிழைக்க வந்தவர்கள் அங்கே இருந்தார்கள். காலையில் கம்பெனி வேன் வந்து அவர்களை அள்ளிக்கொண்டு போகும், இரவு கொண்டுவந்து கொட்டும். பகலில் சந்தில் இருப்பது கோகிலவாணியும் அவள் மகன் அகிலேஷும்தான்.

அகிலேஷுக்கு அப்போது எட்டு வயது. கழுத்து நிற்காது, கால்கள் தரிக்காது, இடது கை பிறந்ததிலிருந்தே கட்டைவிரலை உள்ளே வைத்து மூடிய முஷ்டியாக இருக்கும், அதை வலுக்கட்டாயமாகப் பிரிக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் கைகால் பயிற்சி கொடுத்த அம்மா சொல்லியிருந்தார். பேச்சு கிடையாது. 'ங்' என்று ஒரு சத்தம் உண்டு. அதைப் பசிக்கு ஒரு மாதிரியும் கொசுவுக்கு ஒரு மாதிரியும் சந்தோஷத்துக்கு ஒரு மாதிரியும் இழுப்பான். சரக்கு ஆட்டோ ரிவர்ஸ் எடுக்கும்போது போடுகிற பாட்டுக்கு உடம்பெல்லாம் குலுங்கச் சிரிப்பான். குக்கர் விசிலைக் கேட்டால் அழுவான், அதனால் அவன் அம்மா சட்டியில்தான் சோறு பொங்குவாள்.

ஆஸ்பத்திரிக்கும் போனார்கள். படம் எடுத்துப் பார்த்தார்கள், எலும்பு எலும்பாக இருந்தது, சதை சதையாக இருந்தது. மயக்க ஊசி போட்டுப் பார்த்தார்கள். பிள்ளை தூங்கியது, கை தூங்கவில்லை.

"ஏனுங்க டாக்டர், எப்பத்தான் விடுவான்?" என்று கோகிலவாணி கேட்டாள்.

"அவனா விட்டாத்தாம்மா," என்றார் டாக்டர், அடுத்த சீட்டை எடுத்துக்கொண்டே.

உண்மையைச் சொன்னால் அவளுக்குப் பெரிதாக எதுவும் மாறிவிடவில்லை. விரலைப் பிடிப்பதற்கு முன்னாலும் அவள் அவனை விட்டு ஒரு கூப்பிடு தூரம் போனதில்லை, கல்யாணத்துக்கோ சாவுக்கோ போனதில்லை, ஒரு நாள்கூட அசந்து தூங்கியதில்லை, ஏனென்றால் எச்சில் புரையேறினால் நிமிர்த்திப் பிடிக்க ஆள் வேண்டும். முன்பு கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது இப்போது கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அவள் புருஷன் லோகநாதன் லாரி ஓட்டினான். பஞ்சு ஏற்றவும் துணி இறக்கவும் வடக்கே போனால் மாதக் கணக்கில் ஆகும். அவன் வந்து பார்த்தான், மகனின் கையையும் மனைவியின் விரலையும் சேர்த்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தான், பிறகு லோடு வந்துவிட்டது, போனான்.

காம்பவுண்டு அதைப் பழகிக்கொண்டது. தையல்காரர்கள் நிறைந்த இடம் அல்லவா, மூன்றாம் நம்பர் வீட்டு டெய்லர் அவளுக்கு ஒரு பக்கத் தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் பிரஸ் பட்டன் வைத்த ரவிக்கைகள் தைத்துக் கொடுத்தார், மகனின் கையை எடுக்காமலே போட்டுக் கழற்றலாம். ஒருத்தர் அவனைக் கிடத்தித் தள்ள, துணி உருளை ஏற்றுகிற பழைய தள்ளுவண்டியைக் கம்பெனியில் கேட்டு வாங்கி வந்தார். அதில் துணி வெட்டி மிஞ்சிய கட்டிங் வேஸ்டை மூட்டையாகத் திணித்து மெத்தை போட்டார்கள். கக்கூஸ் கதவைத் திறந்து வைத்து, வெளியே வண்டியில் மகன், உள்ளே அவள், நடுவில் ஒரு பழைய சேலை என்று ஒரு ஏற்பாடு செய்தார்கள். வீட்டுக்காரர் ஆறுச்சாமி வந்து நின்று யோசித்துவிட்டு, "சரீங் அம்மிணி, மத்தவிகளுக்குத் தொந்தரவில்லாம இருந்தாச் சரி" என்று சொல்லிவிட்டுப் போனார். வெளியூர்ப் பையன்கள் போனைத் தூக்கிக்கொண்டு படம் பிடிக்க வந்தார்கள். கொஞ்ச நாளில் அவர்களுக்கும் சலித்துப்போயிற்று.

எல்லாரிலும் அதிகமாகச் செய்தவள் பக்கத்து வீட்டு ஜெயசுதா. தேனிப் பக்கத்துக்காரி; புருஷன் கேரளத்தில் ஏலத் தோட்டத்தில் இருக்க, மகள் கனிஷ்காவோடு ஏழாம் நம்பரில் குடியிருந்தாள். துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷினில் அவள் கைவேகத்துக்குக் கம்பெனியில் ஆளில்லை. தினமும் வேன் வருவதற்கு முன் ஒரு தட்டு இட்லியை எட்டாம் நம்பர் வாசலில் வைத்துவிட்டு, "கோகிலா, சூடு ஆறுறதுக்குள்ள சாப்பிடு" என்று கத்திவிட்டுப் போவாள். கோகிலவாணி நன்றி சொல்வாள். இட்லி வந்தது, பட்டன் வந்தது, வண்டி வந்தது, அவள் இருந்த இடத்திலேயே இருந்தாள். மழைக்காலம் வந்து சந்தில் தண்ணீர் நின்று வடிந்தது, பனிக்காலம் வந்து போனது, விரல் அவன் கைக்குள்ளேயே இருந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கனிஷ்கா பேனாவை வைத்துக்கொண்டு காம்பவுண்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் மணிக்கட்டில் கடிகாரம் வரைந்துகொண்டிருந்தாள். எல்லாருக்கும் வரைந்து முடித்துவிட்டு அகிலேஷிடம் வந்தாள். வலது கையை அவன் அம்மா விரலோடு வைத்திருந்ததால் இடது கையில் வரைந்தாள். முள்ளும் நம்பரும் வந்துவிட்டன. பட்டை வரையக் கையைத் திருப்ப வேண்டியிருந்தது.

"செத்த திருப்புடா, வாரு போடணும்," என்று சொல்லித் தன் சுண்டுவிரலை அந்த முஷ்டிக்குள் நுழைத்தாள்.

பிறந்ததிலிருந்து மூடியிருந்த கை மெதுவாகத் திறந்தது, அவள் விரலை வாங்கிக்கொண்டு மூடியது. அதே நேரத்தில் வலது கை கோகிலவாணியின் விரலை விட்டுவிட்டு, தன் கட்டைவிரலை உள்ளே வைத்து முஷ்டியாக மூடிக்கொண்டது.

கோகிலவாணி தன் விரலைப் பார்த்தாள். வெளுத்து, நெடுநேரம் தண்ணீரில் ஊறியதுபோல் சுருங்கிக் கிடந்தது. எழுந்தாள், சந்தின் கோடி வரைக்கும் நடந்தாள், கக்கூஸுக்குள் போய்க் கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாளைப் போட்டாள். தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது. போட்ட தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டு அவள் இருட்டில் சும்மா நின்றாள்.

வெளியே ஜெயசுதாவின் சத்தம் கேட்டது. துவைத்துக்கொண்டிருந்தவள் மகளைக் கூப்பிட, மகள் எழுந்து வர முடியாமல் இருக்க, விஷயம் புரிந்து அலறிவிட்டாள்.

"ஏம்மா கத்துற? வலிக்கல. புடிச்சிருக்கான், அவ்வளவுதான்," என்றாள் கனிஷ்கா.

"அவ்வளவுதானா? ஆத்தி, எம்பிள்ளைக்கு என்ன கேடு வந்துச்சு!" என்று ஜெயசுதா சோப்புக் கையோடு ஓடிவந்து கக்கூஸ் கதவை அறைந்தாள். "அடியே கோகிலா, வெளிய வா! வந்து எம்பிள்ளைய எடுத்துவிடு!"

உள்ளே இருந்தவள் தாழ்ப்பாளைத் திறந்தாள், வந்தாள், மூடியிருந்த வலது முஷ்டிக்குள் தன் விரலை வைத்தாள். அது திறந்து அவளை வாங்கிக்கொண்டது, இடது கை கனிஷ்காவை விட்டது. காம்பவுண்டு முழுக்கக் கூடி நின்று பார்த்தது. அப்படித்தான் எல்லாருக்கும் விவரம் தெரிந்தது: மூடியிருக்கிற கைக்கு யார் விரல் கொடுத்தாலும் அது வாங்கிக்கொள்ளும், முன்னால் பிடித்திருந்தவரை விட்டுவிடும்.

வழி ஒன்று உண்டு என்று தெரிந்ததும் காம்பவுண்டு கொண்டாடியிருக்கும் என்றுதான் நினைக்கத் தோன்றும். நடந்தது வேறு. மறுநாள் காலையில் ஜெயசுதாவின் இட்லித் தட்டு வாசலுக்கு வெளியே ஒரு முழம் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. அடுத்த வாரத்திலிருந்து வரவேயில்லை. முன்பு பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனவர்கள் இப்போது கைகளைக் கட்டிக்கொண்டு எட்டாம் நம்பரைத் தாண்டினார்கள். பெண்கள் குடத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. செய்ய ஒன்றுமில்லை என்று இருந்தவரைக்கும் அவர்கள் எல்லாம் செய்தார்கள். செய்ய ஒன்று இருக்கிறது என்று தெரிந்ததும் அவர்களுக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் போயிற்று. லோகநாதன் வந்தபோது ஓடிவந்து தன் விரலைக் கொடுத்தான், இரண்டு நாள் அவளைத் தூங்கவிட்டான், பிறகு லோடுக்குப் போன் வந்தது. விரலை அவளுக்கே மாற்றிக் கொடுக்கும்போது அவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

கதவு என்று ஒன்று இருப்பதே தெரியாமல் ஒரு அறைக்குள் இருப்பது ஒரு மாதிரி. அதே அறையில் கதவையும் தெரிந்துகொண்டு, எல்லாரும் அதற்கு அந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதையும் தெரிந்துகொண்டு இருப்பது வேறு மாதிரி. கோகிலவாணிக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அவன் 'ங்' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள், அவன் என்ன கேட்டான் என்பது சில நேரம் அவளுக்குப் புரியாமல் போயிற்று.

பிள்ளைகளிடம் எல்லா வீட்டிலும் சொல்லி வைத்திருந்தார்கள், எட்டாம் நம்பர் பக்கம் போகக் கூடாது என்று. ஆனால் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்கும் கம்பெனி வேன் வருவதற்கும் இடையில் காம்பவுண்டு பிள்ளைகளுடையது. கனிஷ்கா ஒரு நாள் மாலை யூனிபார்மோடு வந்து எட்டாம் நம்பர் வாசலில் நின்றாள்.

"கோகிலாத்தே, நான் செத்த நேரம் புடிச்சுக்கிரட்டா?"

"வேண்டாங் கண்ணு. உங்கம்மா வையும்."

"அம்மா வார வரைக்கும். அம்மா வந்தா மாத்திக்கிருவோம்." பதிலுக்குக் காத்திராமல் விரலைக் கொடுத்துவிட்டாள்.

அன்றிலிருந்து அது ஒரு விளையாட்டாயிற்று; கைமாத்து என்று அதற்குப் பேர் வைத்தார்கள். தள்ளுவண்டியில் அகிலேஷைக் கிடத்தி, ஒருத்தி விரலைக் கொடுத்தபடி கூடவே ஓட, மற்றவர்கள் சந்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தள்ளுவார்கள். களைத்தால் அடுத்தவர் விரல். பின்னால் இழுக்கும்போது எல்லாரும் சேர்ந்து சரக்கு ஆட்டோவின் பாட்டைப் பாடுவார்கள், அவன் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பான், அந்தச் சிரிப்பு விரல் வழியாகத் தனக்கும் ஏறுவதாகப் பிடித்திருந்த பிள்ளை சொல்லும். அவன் பயந்தால் பிடி எப்படி இறுகும், தூக்கம் வந்தால் எப்படிச் சூடாகும், எச்சில் புரையேறப் போகிறது என்றால் எப்படி ஒரு துடிப்புத் துடிக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்துபோயிற்று. யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அவனுக்கு ரோஷம் உண்டு என்பதும் தெரிந்துபோயிற்று: எச்சில் ஒழுகுவதைப் பார்த்து 'உவ்வே' என்று முகத்தைச் சுளித்த ரித்திக் என்ற பையனுக்கு ஒரு சாயங்காலம் முழுக்க அவன் கை திறக்கவேயில்லை, ரித்திக் விரலை நீட்டிக்கொண்டே நின்று, கடைசியில் அழுது, "சாரிடா" என்று சொன்ன பிறகுதான் திறந்தது.

அந்த நேரத்தில் கோகிலவாணி முதலில் தூங்கினாள். பல நாள் தூங்கினாள். பிறகு தலைக்குக் குளித்தாள், பிறகு தெருமுனை வரைக்கும் போனாள், பிறகு மெயின் ரோடு வரைக்கும். வேன் சத்தம் கேட்பதற்குள் வந்து விரலை வாங்கிக்கொள்வாள். பெரியவர்களில் ஒருத்தருக்கும் அது தெரியாமல் மாசி போய்ப் பங்குனி வந்தது.

பங்குனியில் ஒரு சாயங்காலம் அவள் கனிஷ்காவிடம், "கண்ணு, புளி வாங்கிட்டு வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். வரவில்லை.

வேன் வந்தது. ஜெயசுதா இறங்கிச் சந்துக்குள் நுழைந்தபோது எட்டாம் நம்பர் வாசலில் தன் மகள் அந்தப் பிள்ளைக்கு விரலைக் கொடுத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். சாப்பாட்டுப் பை கையிலிருந்து விழுந்தது. கோகிலவாணியைத் தேடி ஆட்கள் ஓடினார்கள். கடையில் இல்லை, கோயிலில் இல்லை, போன் வீட்டிலேயே கிடந்தது.

"ஓடிப்போயிட்டா," என்று ஒரு குரல் கூட்டத்துக்குள்ளிருந்து சொன்னது.

ஜெயசுதா மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, இழுக்காத, அவன் பயப்படுறான்!" என்று கனிஷ்கா கத்தினாள். அகிலேஷ் குக்கர் விசிலைக் கேட்டவன்போல் அழுதான். ஜெயசுதா நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தாள். யாராவது ஒருத்தர், ஆம்பளையோ பொம்பளையோ, ஒரு விரல். கூட்டம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றது. அவளும் போன மாதம் அப்படித்தான் நின்றாள். அது அவளுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

"எந்திரி," என்று மகளிடம் சொன்னாள். தன் விரலைக் கொடுத்தாள்.

அதன் பிறகு அவளுக்கு நேர்ந்ததெல்லாம் கோகிலவாணிக்கு எட்டு வருஷமாக நேர்ந்ததுதான். எட்டு வயதுப் பிள்ளைக்கு ஈரம் மாற்றினாள், நாலு வாய் சோற்றுக்கு ஒரு மணி நேரம் ஆவதைப் பார்த்தாள், அவன் இருமும்போதெல்லாம் தன் மூச்சும் நிற்பதைப் பார்த்தாள், விடிந்தபோது வேன் வந்து ஹாரன் அடித்து, தன்னை விட்டுவிட்டுப் போவதைப் பார்த்தாள்.

மறுநாள் இரவு, வேன் ஆட்களை இறக்கிவிட்டுப் போன பிறகு, கோகிலவாணி வந்தாள். கையில் ஒன்றுமில்லை. தாராபுரத்துக்குப் போயிருந்தாள். பழைய பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ் நின்றது, ஏறி உட்கார்ந்து பார்ப்போம் என்று ஏறினாள், அது கிளம்பியது, அவள் இறங்கவில்லை. அண்ணன் வீட்டில் அண்ணி கதவைத் திறந்து, "பையன் எங்கீங்?" என்று கேட்டாள். "பாத்துக்கறாங்க" என்று இவள் சொன்னாள். வாழ்க்கையில் ஒரு தரம்கூடச் சொல்லியிராத அந்த வார்த்தை வாயில் கற்கண்டாகக் கரைந்தது. அதைச் சப்பிக்கொண்டே படுத்து, விடிய விடியத் தூங்கினாள்.

ஜெயசுதா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். ராத்திரி முழுக்கச் சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம் தொண்டைவரை வந்து நின்றது.

"திரும்பி வரணும்னு நெனச்சுத்தான் போனியா?" என்று கேட்டாள்.

"இல்லீங்க்கா."

"அப்புறம் ஏன் வந்த?"

"தெரியலீங்க்கா. பஸ்ஸு வந்துச்சு. இது வேண்டாம், அடுத்ததுல போலாம்னு விட்டுட்டே இருந்தேன். அப்புறம் ஒண்ணுல ஏறிட்டேன்."

சந்தில் நின்றிருந்தவர்கள் இனி என்ன நடக்குமோ என்று பார்த்தார்கள். ஜெயசுதா அகிலேஷின் வாயோரத்து எச்சிலைத் துடைத்துவிட்டாள்.

"அடுத்த தடவ போறப்ப சொல்லிட்டுப் போ," என்றாள்.

கோகிலவாணி உட்கார்ந்து தன் விரலை நீட்டினாள். முஷ்டி திறக்கவில்லை. வழியெல்லாம் அவள் பயந்துகொண்டே வந்தது அது தன் விரலை வாங்கி மூடிக்கொள்ளும் என்றுதான்; திறக்காது என்று நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. கனிஷ்கா விரலைக் கொடுத்தாள், திறக்கவில்லை. ரித்திக், மூன்றாம் நம்பர் டெய்லர், வெட்கப்பட்டுக்கொண்டே ஆறுச்சாமி என்று வரிசையாகக் கொடுத்துப் பார்த்தார்கள்; யாருக்கும் திறக்கவில்லை. அகிலேஷ் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் கூரை மோட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

ஜெயசுதாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. "எம்பொழப்பு போச்சே! ரெண்டு நாள் போகலைன்னா மெஷின்ல வேற ஆள உக்கார வச்சிருவானே!"

"உங்க மெஷின்ல நான் உக்காரட்டுங்களாக்கா?" என்றாள் கோகிலவாணி. கல்யாணத்துக்கு முன்னால் அவளும் ஓவர்லாக் அடித்தவள்தான்.

அப்படி அவர்கள் இருவரும் இடம் மாறினார்கள். கம்பெனியில் யாரும் எதுவும் கேட்கவில்லை. பீஸ் வந்தால் சரி, எந்த முகம் என்று மேஸ்திரி நிமிர்ந்து பார்ப்பதில்லை. கோகிலவாணி தலையில் பஞ்சுத் தூசியோடு இரவு வந்து இறங்குவாள். ஜெயசுதா எட்டாம் நம்பர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். டெய்லர் அவளுக்கும் பட்டன் வைத்த ரவிக்கை தைத்துக் கொடுத்தார். பெண்கள் அவளுக்கும் இட்லி கொண்டுவந்தார்கள். நாலாவது தட்டு வந்த அன்று ஜெயசுதா அதைத் தள்ளிவிட்டுக் கத்தினாள்:

"இட்லி வேணாம்டி! இட்லியத் தின்னு தின்னு என்ன செய்யிறது? இப்பிடி வந்து பக்கத்துல உக்காருங்க! ஒரு மணி நேரம் உக்காந்து என்கிட்ட ஏதாச்சும் பேசுங்க! இந்தப் பயகிட்ட பேசுங்க! நான் கண்ண மூடுனா இவன் இருமுறானான்னு பாருங்க!"

கோகிலவாணி ஒரு நாளும் இப்படிக் கேட்டதில்லை. கேட்கலாம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருத்தி உட்கார்ந்தாள். மறுநாள் வேறொருத்தி பூக்கட்டுகிற வேலையை அங்கேயே எடுத்துக்கொண்டு வந்தாள். ஆறுச்சாமிகூட ஒரு மத்தியானம் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தன் மூட்டுவலியைப் பற்றி அகிலேஷிடம் விவரமாகச் சொன்னார்; அவன் நடுநடுவே 'ங்' என்றான்; பெற்ற பிள்ளைகள்கூட இத்தனை பொறுமையாகக் கேட்டதில்லை என்று அவர் வீட்டில் போய்ச் சொன்னாராம்.

தினமும் இரவு கோகிலவாணி விரலை நீட்டினாள். முஷ்டி திறக்கவில்லை.

"அவனுக்கு என்றமேல என்ன கோவம்னே தெரியல கண்ணு," என்று கனிஷ்காவிடம் சொல்லி அழுதாள்.

கனிஷ்கா வீட்டுப்பாடத்திலிருந்து நிமிர்ந்தாள். "எங்ககிட்டயாச்சும் புளி வாங்கப் போறேன்னு சொன்னீங்க. அவன்கிட்ட ஒண்ணுமே சொல்லலையே அத்தே."

கோகிலவாணி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவனைக் குளிப்பாட்டியிருக்கிறாள், ஊட்டியிருக்கிறாள், தன் உயிரை அவன் மூச்சோடு சேர்த்து முடிந்து வைத்திருக்கிறாள். ஆனால் போகிறேன், வருகிறேன் என்று ஒரு மனுஷனிடம் சொல்வதுபோல அவனிடம் சொன்னதேயில்லை. எங்கேயாவது போனால்தானே சொல்வதற்கு.

மறுநாள் காலையில் வேன் ஹாரன் அடிக்கும்போது அவள் அவன் முகத்துக்கு நேரே குனிந்தாள். "சாமி, அம்மா அன்னிக்குச் சொல்லாமப் போயிட்டேன். உன்ன உட்டுட்டுத்தான் போனேன். தப்புத்தான். இப்ப வேலைக்குப் போறேன். பொழுதோட வந்துருவேன்."

அவன் மோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தினமும் சொன்னாள். ஒரு நாள் அவன் கண்கள் மோட்டிலிருந்து இறங்கின. இன்னொரு நாள் அவள் படியிறங்கும்போது பின்னால் 'ங்' என்று ஒரு சத்தம் வந்தது. அது பசிக்கும் இல்லை, கொசுவுக்கும் இல்லை.

ஒரு சனிக்கிழமை கம்பெனி சீக்கிரம் விட்டது. சம்பள நாள் கூட்டத்தில் வேனில் நின்றுகொண்டே வந்து, கால் கடுத்து, காதில் மெஷின் இரைச்சல் இன்னும் ஓய்ந்திராமல் கோகிலவாணி எட்டாம் நம்பர் வாசலில் வந்து நின்றாள். ஜெயசுதாவின் மடியில் அகிலேஷ் கிடந்தான். அவன் முஷ்டி, அவள் எதையும் நீட்டுவதற்கு முன்னாலேயே, அவள் இருந்த திசையில் திறந்திருந்தது. ஐந்து விரல்களும் விரிந்து, உள்ளங்கை வியர்த்துக் காத்திருந்தது.

"பாருடி, மத்தியானத்துலருந்து இப்பிடியே வச்சிட்டுக் கெடக்கான். உன்னத்தான் கேக்குறான்," என்றாள் ஜெயசுதா. அவள் குரலில் விடுதலை இருந்தது, கொஞ்சம் பொறாமையும் இருந்தது.

கோகிலவாணி செருப்பைக் கழற்றினாள். சாப்பாட்டுப் பையை ஆணியில் மாட்டினாள். அவனிடம் ஓடிப்போய் விழுந்திருக்க வேண்டும். இத்தனை நாளும் அதற்குத்தானே அழுதாள். ஆனால் கால் எடுத்து வைக்க வரவில்லை. அந்தக் கையைப் பார்த்தாள், தன் விரலைப் பார்த்தாள். அதில் புதிதாக ஊசி குத்திய வடு இருந்தது, சதை பழைய நிறத்துக்குத் திரும்பியிருந்தது. உடம்பெல்லாம் அவன்மேல் பாசம் பொங்கியது, அதே உடம்பு அசைய மறுத்தது.

ஜெயசுதா அதைப் பார்த்தாள். காம்பவுண்டில் வேறு யார் பார்த்திருந்தாலும் பெற்றவளா இவள் என்று கேட்டிருப்பார்கள். ஜெயசுதா கேட்கவில்லை.

"வெளிய போயி ஒரு டீயக் குடிச்சிட்டு வா," என்றாள். "நான் எங்கயும் போகல."

"சாமி," என்று கோகிலவாணி மகனைப் பார்த்துச் சொன்னாள், "அம்மா டீக்குடிச்சிட்டு வர்றேன்."

'ங்' என்றான் அவன். கையை மூடவில்லை.

தெருமுனைக் கடையில் டீ வாங்கி அங்கேயே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. டீ சூடாக இருந்தது. அதை ஊதி ஊதி, அவசரமில்லாமல், அடியில் தங்கிய சர்க்கரை வரைக்கும் குடித்தாள். குடித்து முடித்த பிறகும் காலி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். காம்பவுண்டிலிருந்து யாரும் அவளைக் கூப்பிடவில்லை. பிறகு அவளாகவே எழுந்து உள்ளே போனாள்.